பத்து எண்ணி முடிப்பதற்குள் ஒரு பெயர்

போன வருடம் பள்ளி விடுமுறையில், சுங்கை ஊடாங்கில் என் கணவர் வேலை செய்யும் கம்பெனியின் குடும்ப தினம் நடந்தது. எங்கள் ஊர் மெர்லிமாவிலிருந்து அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில்தான் போனோம். வழியில் இரண்டு தடவை நின்று உயிரை வாங்கியது.

அப்போதுதான் நான் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தேன். நாற்பத்தைந்து வயதில்! கணவரைப் பற்றி எழுதச் சொன்னால் ‘தே’ என்று பன்மையில்தான் எழுதுவேன். வீட்டில் ‘அவங்க’ என்றே சொல்லிப் பழகிவிட்டு, ‘ஹீ’ என்று ஒருமையில் எழுத மனசு வரவில்லை. டீச்சர் சிவப்பு மையால் சுழிப்பார்.

“ஒரு ஆளுன்னா ‘ஹீ’தான் அக்கா. முதல்ல பேர எழுதுங்க. யாருன்னு தெரிய வேணாமா?”

பெயரா! கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. எங்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை. சிரித்தே சமாளித்துவிடுவேன்.

குடும்ப தினத்தில் நடந்த சீட்டுக் குலுக்கலில் முதல் பரிசு புத்தம்புது மோட்டார் சைக்கிள். எண்ணை வாசித்தார்கள். என் கைப்பையில் இருந்த சீட்டேதான்! அவரோ குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கப் போயிருந்தார். விழுந்தடித்து மேடைக்கு ஓடினேன். அவர் எழுதிப் பெட்டியில் போட்ட துண்டில் இருக்கும் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மறு குலுக்கல் என்றார் அறிவிப்பாளர்.

“மை ஹஸ்பண்ட்! தே கோ பை சாத்தே!” என்றேன்.

“ஹவ் மெனி ஹஸ்பண்ட், ஆண்ட்டி?” என்றார் அறிவிப்பாளர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்து எண்ணும்வரைதான் நேரம் என்றார். எல்லோரும் சேர்ந்து மலாயில் எண்ண ஆரம்பித்தார்கள். சத்து, டுவா, தீகா... மழையில் நனைந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரும் அவர் முகம் கண்முன் வந்தது. ஒன்பது எண்ணியாகிவிட்டது. மைக்கைப் பிடுங்கி, மாமனார் பெயரோடு சேர்த்து அவர் பெயரைக் கத்தினேன் பாருங்கள், மைதானமே அதிர்ந்தது!

சாத்தே வரிசையில் நின்றவர் அசையாமல் என்னையே பார்த்தார். பரிசு விழுந்த திகைப்பு என்றுதான் நினைத்தேன்.

திரும்பும்போது பழைய வண்டியை மெதுவாக ஓட்டினார்.

“இன்னொரு தடவ சொல்லேன்.”

“என்னங்க?”

“என் பேரதான்லா. நீ சொல்லிக் கேக்கணும்னு எத்தன வருசமா ஆச தெரியுமா?”

அவர் காதோரம் சாய்ந்து இன்னொரு தடவை சொன்னேன். புது வண்டி இன்று வாசலில் நிற்கிறது. ஆனால் மரியாதை என்று நினைத்து, அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு வார்த்தையை இருபத்திரண்டு வருடம் கேட்கவிடாமல் வைத்திருந்தேனே என்று, ஒவ்வொரு முறை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.