ஆறு மரத்துக்கு ரிப்பன் கட்டியவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஒரு கருவேல முள் புதருக்குள் இருந்தேன். என் பைக்கும் இருந்தது. அடியில் வண்டி, அதன்மேல் நான், என் மேல் முள்... அந்த வரிசையில்.

ஐம்பத்து மூன்று வயதில் உமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மல்லிகாவும் அன்றிலிருந்து இதைத்தான் கேட்கிறாள். கட்டிய மனைவிக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன் – பொறாமை.

பெரிய காஞ்சிபுரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான், ஞாயிறு காலைகளில் தென்னேரிப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் பைக் ஓட்டுகிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். தோப்பு ஒரு ரைஸ் மில் ஓனருடையது. என் பள்ளித் தோழன் பாஷா, எங்கள் ஊர் மெக்கானிக், அவரிடம் பேசி அனுமதி வாங்கினான். ஓனரின் நிபந்தனை ஒன்றுதான்: தோப்புக்குள் பரவும் கருவேல முள்ளை நாங்கள் எடுத்துவிட வேண்டும், தைலமரத்தைத் தொடக்கூடாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். மரங்களுக்கு நடுவே இரண்டடி அகலத்துக்கு ஒரு பாதை பிறந்தது.

ஆஃப் ரோடு பைக் என்றதும் எல்லோரும் காற்றில் பறக்கும் வண்டியை நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு மணி நேரம் ஓட்ட மூன்று மணி நேரம் குனிய வேண்டும். முள்ளை மேலே வெட்டினால் போதாது. வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்குச் சொந்தபந்தத்தோடு திரும்பி வரும். வெட்டியதைக் கவைக்கோலால் தள்ளித் தூரமாகப் போட வேண்டும். ஒரு முள் பாதையில் கிடந்தாலும் டியூப் காலி. கிளையை மரத்தோடு ஒட்டி வெட்ட வேண்டும், நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் சரியாகக் கண் உயரத்தில் குத்தும். (கண்ணாடிக் கடைக்காரன் இதை எழுதினால் வியாபாரம் கெடும். இருந்தாலும் எழுதுகிறேன்.)

அந்தப் பாதையில் முதல் வளைவு போட்டவன் நான். பாம்பு மாதிரி இரண்டு பக்கமும் நெளியும் அழகான வளைவு. பாஷா அதற்குக் 'கண்ணாடிக்காரர் வளைவு' என்று பெயர் வைத்தான். நம் ஊரில் ஒருவர் பெயர் நிலைக்க வேண்டும் என்றால் கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்து, பாதி வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' எழுத வேண்டும். எனக்கு இலவசமாகவே ஒரு வளைவு! மூன்று வருடம் ராஜா மாதிரி திரிந்தேன்.

பிறகு ஏகாம்பரம் வந்தார்.

பட்டுத் தறிக்காரர். நாற்பது வயது இருக்கும். வாரம் ஆறு நாள் தறிக்குழியில் கால் மிதிக்கிறவருக்கு ஏழாவது நாள் பைக்கில் நின்றுகொண்டே ஓட்டுவது ஒரு பொருட்டே இல்லை. அதிகம் பேச மாட்டார். முதல் வாரம் என் வளைவில் வண்டியை நிறுத்தி, தரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மழ பேஞ்சா தண்ணி எங்கண்ணா போவுது?"

மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. தண்ணீர் எங்கேயும் போவதில்லை என்பதுதான் பதில். என் வளைவிலேயே நிற்கும். சக்கரம் அதில் குழி பறிக்கும். மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு பேர் அங்கே விழுவார்கள். நாங்கள் அதை த்ரில் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏகாம்பரம் மண்வெட்டியை எடுத்தார். பாதைக்குக் குறுக்கே சாய்வாக, கையகலத்துக்குச் சின்னச் சின்ன வடிகால் வெட்டினார். அடுத்த மழைக்குப் பாதை முழுக்கக் காய்ந்து கிடந்தது – என் வளைவைத் தவிர. இடமே பள்ளம், அதை என்ன செய்தாலும் திருத்த முடியாது, மூடிவிட்டு மேட்டு வழியாகப் போய்விடலாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள்தான் சத்தமாகத் தலையாட்டினார்கள்.

ஒருவர் கெட்டிக்காரராக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். நல்லவராகவும் இருந்தால்? மழுங்கிப் போன என் அரிவாளைக் கேட்டு வாங்கிப் போய்ச் சாணை பிடித்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதரை வெறுப்பது சுலபமா? நான் ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வெறுத்தேன்.

வீட்டில் புலம்பினேன். ஒரு வளைவு போனால் என்ன என்றாள் மல்லிகா. உன் பெயரில் ஒன்று இருந்து பறிபோனால்தான் தெரியும் என்றேன்.

"என் பேர்ல கேஸ் கனெக்‌ஷன் இருக்குது. அதுக்கு நான் ஊரக் கூட்டிக்கினா இருக்கேன்?"

இந்த வீட்டில் அனுதாபம் கிடைக்காது என்று கடைக்குப் போய்விட்டேன்.

நாலு ஞாயிறு வேலை செய்து ஏகாம்பரம் மேட்டு வழியைத் தயார் செய்துவிட்டார். தைலமரத் தோப்பில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா மரமும் வரிசையாக, ஒரே உயரம், ஒரே பருமன். எந்த இடுக்கில் பார்த்தாலும் வழி மாதிரியே தெரியும். இரண்டு நாளில் சருகு விழுந்து நிஜ வழியையும் மூடிவிடும். அதனால் தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலைத் திரித்து, வழியோர மரம் ஒவ்வொன்றையும் நெஞ்சு உயரத்தில் சுற்றிக் கட்டியிருந்தார். அடுத்த ஞாயிறு எல்லோரும் அதில் ஓட்டிப் பார்ப்பது, சரியாக வந்தால் அன்றே கண்ணாடிக்காரர் வளைவை மூடிவிடுவது என்று முடிவானது.

சனிக்கிழமை மதியம், வாலாஜாபாத்தில் ஒருவருக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போனேன்.

கடைசி ஆறு மரத்தில் இருந்த நூலை அறுத்தேன். அந்த நூலையே எடுத்துப் பள்ளத்தில் இருக்கும் முள் புதரைப் பார்த்துப் போகிற மாதிரி வேறு ஆறு மரத்தில் கட்டினேன். என் கணக்கு இது: புது வழியில் முதல் சக்கரம் வழி போட்டவருடையதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். ஏகாம்பரம் முதலில் போவார். சருகு மூடிய வழியில் அவருக்கும் நூல்தான் துணை. நிதானமாக ஓட்டுகிறவர், முள்ளைப் பார்த்து நிற்பார், திரும்பி வருவார். புது வழி சரிப்படாது என்று ஆகிவிடும். என் வளைவு பிழைக்கும். இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்லாதீர்கள்... சரி, சொல்லுங்கள்.

ஞாயிறு காலை. எல்லோரும் வண்டியை ஸ்டார்ட் செய்து நின்றோம். ஏகாம்பரம் இறங்கி என்னிடம் வந்தார்.

"நீங்க மொதல்ல போங்கண்ணா. இந்தத் தோப்புல மொத வழி போட்டது நீங்கதானே. உங்க சக்கரம் வுழுந்தாதான் எனக்குத் திருப்தி."

எல்லோரும் கை தட்டினார்கள்.

டயரில் காற்று குறைவு என்றேன். பாஷா அழுத்திப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றான். செயின் தளர்ந்திருக்கிறது என்றேன். இல்லை என்றான். பிரேக்? அதுவும் பிரமாதம். மெக்கானிக்கை மட்டும் நண்பனாக வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது.

போனேன். பின்னால் ஆறு வண்டி.

முதல் பத்து மரம் வரைக்கும் நேரான நூல், நேரான வழி. அதற்குப் பிறகு நான் கட்டிய நூல். அதைப் பார்த்துப் போனால் முள். பார்க்காமல் போகலாம் என்றால்... நிஜ வழி எது? எல்லா இடுக்கும் ஒரே மாதிரி. அதைக் காட்டுவதற்கென்று இருந்த ஆறு அடையாளத்தையும் அறுத்த புண்ணியவான் நானே. யோசித்து முடிப்பதற்குள் சரிவு வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். காய்ந்த சருகின்மேல் முன் பிரேக் பிடிக்கக்கூடாது என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் பாடம் எடுப்பவன் நான்.

விழுந்த பிறகுதான் நிஜமான பயம். காதுக்குப் பக்கத்தில் 'புஸ்... புஸ்' என்று ஒரு சத்தம். பாம்பு! அசையாமல் கிடந்தேன். சத்தம் இன்னும் வேகமானது. ஹெல்மெட்டுக்குள் கேட்பது என் மூச்சுதான் என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் தொண்டை கிழியக் கத்திவிட்டேன். குலதெய்வத்தைக் கூப்பிடவில்லை, பாஷாவைக் கூப்பிடவில்லை... "ஏகாம்பரம்!" என்றுதான் வாய் கத்தியது. வாய்க்கு மட்டும் எப்படியோ உண்மை தெரிகிறது.

அவர்தான் கவைக்கோலால் முள்ளைத் தூக்கிப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். உட்கார வைத்து முதுகில் முள் எடுக்க ஆரம்பித்தார். பாஷா நிமிர்ந்து பக்கத்து மரத்தைப் பார்த்தான்.

"இன்னாபா இது, மரமெல்லாம் ஸ்கூல் பொண்ணு மாதிரி ரிப்பன் கட்டிக்கினு நிக்குது?"

அறுந்த இழையைச் சேர்க்கத் தறிக்காரர்கள் போடும் முடிச்சு கடுகு அளவுதான் இருக்கும். ஏகாம்பரம் கட்டிய மரங்களில் முடிச்சு எங்கே என்று தேட வேண்டும். நானோ என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் இரட்டைச் சடை கட்டிவிட்டவன். கை தன் பழக்கத்தில் ஆறு மரத்துக்கும் இரண்டு காது வைத்து அழகாகப் பூ முடிச்சுப் போட்டிருந்தது!

ஏகாம்பரம் ஒரு முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த முள்ளை எடுத்தார்.

ஆடு மேய்க்க வருகிறவர்கள் வேலையாகத்தான் இருக்கும், ஓனரிடம் சொல்லி அவர்களைத் தோப்புக்குள் விடாமல் நிறுத்த வேண்டும் என்று பாஷா போனை எடுத்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் யாரோ ஒருவருடைய ஆடு என் வளைவுக்காகப் பட்டினி கிடக்கும்.

"போனை வைடா. நான்தான் கட்டினேன்."

முதுகில் முள் எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏண்ணா?"

"பொறாமைப்பா. வேற ஒண்ணுமில்ல."

ஏகாம்பரம் கையிலிருந்த முள்ளைத் தூரப் போட்டார்.

"நான் நிதானமா போவேன்னு நெனச்சிருப்பீங்க. ஆனா ஆறு வண்டி பின்னாடியே வந்துக்கினு இருந்துச்சே. நீங்க வுழுந்ததும் அவங்களும் நிக்க முடியாம உங்க மேல ஏறி வுழுந்திருந்தா?"

பொறாமையில் இருக்கிறவன் கணக்கில் எதிராளி ஒருவன் மட்டும்தான் இருப்பான். அவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் இருப்பதே தெரியாது.

தண்டனையைப் பாஷா சொன்னான்: "உன் வளைவு. நீயே மூடு. ஒண்டியா."

ஒரு வழியை மூடுவதும் லேசான வேலை இல்லை. கண்ணுக்கு வழி தெரிந்தால் சக்கரம் தானாகப் போய்விடும். இறுகிக் கிடந்த மண்ணைக் கடப்பாரையால் குத்திக் கிளறினேன், புல் முளைக்கட்டும் என்று. இரண்டு முனையிலும் முள்ளைக் குவித்து, அதன்மேல் சருகு அள்ளிப் போட்டு, தள்ளி நின்று பார்த்து, மறுபடி போட்டு... மூன்று மணி நேரம். மூன்று வருடப் பெருமை மூடுவதற்கு மூன்று மணி நேரம்தான் கேட்டது.

ஏகாம்பரம் வந்து நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"அண்ணா, எங்க இருந்துச்சு வளைவு?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே தேடினார். தோப்பில் என் வேலைக்குக் கிடைத்த முதல் உண்மையான பாராட்டு அதுதான். என் வழி இருந்த இடமே தெரியவில்லையாம்.

கிளம்பும்போது மேட்டு வழியில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பழைய ஆறு மரங்களில் அவர் மறுபடி நூல் கட்டியிருந்தார். எங்கேயும் பிரேக் தேவைப்படவில்லை. வண்டி தானாகத் திரும்புகிறது, தானாக ஏறுகிறது... குறை கண்டுபிடிக்க இரண்டாவது தடவையும் போனேன். இல்லை.

வழிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பாஷா கேட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஏகாம்பரம் மேடு' என்றேன்.

"வழிக்கு எதுக்குண்ணா பேரு? வண்டி போனா போதாதா" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவப் போனார் அவர்.

பாருங்கள்... அதிலும் என்னை முந்திவிட்டார் மனுஷர்!