பல்லவ ராசாவின் சுரங்கம்

பழைய புத்தகக் கடையில் ஒரு பைண்டு புத்தகத்தைப் பிரித்ததும், மயில்துத்தம் கலந்த பசையின் வாசனையோடு நான் வளர்ந்த கல்மண்டபத்து வீடும் நினைவில் வந்துவிட்டது. வயதுக்கு வந்ததும் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். துறைமுக லாரிகளின் இரைச்சலும் மீன்கூடைகளின் ஈர வாடையும் ஜன்னல் வழியே தாராளமாக உள்ளே வரும். நான்தான் வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவையும் கல்யாணம் ஆகும்வரை என்று அப்படித்தான் அடைத்து வைத்திருந்தார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, தானே பசை காய்ச்சி ஒட்டிய புத்தகத்தை ஒருநாள் கொல்லைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"இத்தப் படி பாப்பா. பல்லவ ராசா கதை. கோட்டையில ஒரு சொரங்கம் கீது. இளவரசி அது வழியா தப்பிச்சிப் பூடுவா."

லாரி இரைச்சலுக்குள்ளேயே குதிரைக் குளம்புகள் கேட்கப் படித்தேன். இளவரசி தீவட்டியோடு சுரங்கத்தில் இறங்கினாள். அதற்குக் கீழே 'தொடரும்' என்றிருந்தது. அப்புறம் வெறும் அட்டை.

"அப்பால இன்னாக்கா ஆச்சி?"

"எனுக்கு இன்னா தெரியும்? அந்த வாரத்தோட நைனா பத்திரிக வாங்கறத நிறுத்திட்டாரு."

"தப்பிச்சிப் பூடுவான்னியே?"

அக்கா, வெளிப்பக்கம் பூட்டியிருந்த கொல்லைக் கதவைப் பார்த்தாள்.

"பின்ன? அங்கியேவா கெடப்பா?"