768 அடி தண்ணீர் காட்டிய தொட்டி

அடி அண்ணாமலை குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. சொன்னவர் அங்கேயே நிற்கும் ஆபரேட்டர் முருகன்.

நாளை பௌர்ணமி. கிரிவலம் வருவோர் குடிக்க இந்தத் தண்ணீர்தான். காலையில் தொட்டியில் இருந்தது மூன்றடி. கம்ப்யூட்டர் திரையோ 768 அடி என்றது. தொட்டி நிரம்பிவிட்டதாக எண்ணி மோட்டார் கிளம்பவே இல்லை. கையால் போடும் சுவிட்சையும் முன்பே கழற்றிவிட்டார்கள்.

"இவ்ளோ தண்ணி இருந்தா ஊரே மெதக்கணுமேங்க," என்றார் முருகன்.

நிரலைப் பராமரிக்கும் ஷபானா வந்து பார்த்தார். சென்சாரில் இருப்பது சி மொழி நிரல். எண்ணை இரண்டு பைட்டாக, அதாவது இரண்டு துண்டாகப் பிரித்து, சிறிய இடமதிப்புள்ளதை முதலில் அனுப்புகிறது. திரையில் இருப்பது ஜாவா நிரல். முதலில் வருவதைப் பெரிய இடமதிப்பு என்று படிக்கிறது; அதனால் 3 என்பது 256 மடங்காகி 768 ஆனது.

"தனித்தனியா டெஸ்ட் பண்ணப்ப ரெண்டுமே பாஸுங்க சார். சேத்து ஓட்டிதான் பாக்கல," என்றார் ஷபானா.

படிக்கும் வரிசையை மாற்றினார். திரையில் 3 வந்தது, மோட்டார் கிளம்பியது.

பக்கத்துத் தொட்டிக்கு இதே திருத்தம் இன்று மாலை. சேர்த்து ஓட்டிப் பார்ப்பதை நேரில் பார்க்க நானும் போகிறேன். வேறு யார் வருகிறீர்கள்?