மிச்சம் பிடித்த வெயில்

புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுக் கூரைமேல் சோலார் பேனல் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேற்று உச்சிவெயிலில் அப்பா அதன் சுவிட்சை டக்கென்று அணைத்தார்.

"யாரும் டிவி பாக்கல, ஏன்யா சும்மா ஓடணும்? ராத்திரிக்கு மிச்சம் இருக்கட்டும்."

"இது அந்தக் காலத்துப் பேட்டரி இல்லைலா! தெரியாட்டி தொடாதீங்கப்பா!" என்று கத்திவிட்டேன்.

கையை இழுத்துக்கொண்டார். அந்த டக் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, ரப்பர் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் கரண்ட் கிடையாது. டிவிக்கும், சோறாக்கும் குசினியில் தொங்கிய ஒரே பல்புக்கும் சேர்த்து ஒரு கார் பேட்டரிதான். பால்மரம் சீவிவிட்டு வந்து, அதைச் சைக்கிளில் கட்டி, டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருவார் அப்பா. அவருடைய சட்டைகளிலெல்லாம் ஆசிட் பட்ட ஓட்டைகள். தமிழ்ப்படம் போடும் நாளில் லயமே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும். பேட்டரி இறங்க இறங்கத் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கும். உடனே குசினியில் டக்கென்று கேட்கும். பல்பு அணையும், படம் மறுபடி விரியும், நாங்கள் கைதட்டுவோம். அப்பா அங்கே இருட்டில் சோறு பிசைந்துகொண்டிருப்பார்.

நேற்று இரவு பிள்ளைகளோடு ஹாலில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் கத்தியது உறுத்தவே, எழுந்து அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு போடலையாப்பா?"

"நீங்க படம் பாக்குறீங்கல்ல," என்றார். "முடியட்டும்யா."