அண்டாவின் அடிவரம்பு

கொல்கத்தாவில் நான் முதன்முதலாகச் செய்த பொருள் ஒரு பித்தளை அண்டா. திரையில் மட்டுமே இருந்த அண்டா. வெளிநாட்டு வங்காளிகள் வீட்டிலிருந்தபடியே துர்கா பூஜை பார்ப்பதற்காக எங்கள் சிறு நிறுவனம் கணினிக்குள் ஒரு பந்தல் கட்டியது. அதில் நூற்றெட்டுக் கிண்ணம் பிரசாதக் கிச்சடி நிறைந்த அண்டா என் பொறுப்பு. யாராவது தொட்டால் அவர்கள் கைக்கு ஒரு கிண்ணம் போகும், மீதியில் ஒன்று குறையும், கிச்சடியின் மட்டமும் இறங்கும். மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் கழி, இல்லையென்றால் 'தீர்ந்துவிட்டது' என்று காட்டு. இதை ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த வரி இல்லாவிட்டால் கணினிக்கு நிறுத்தத் தெரியாது. காலி அண்டாவிலிருந்தும் கூசாமல் கழித்துக்கொண்டே போகும்.

அலுவலகத்தில் என்னைத் தவிரத் தமிழ் பேசியவர் அக்கா ஒருவர்தான். திருநெல்வேலிக்காரர், என் குழுத் தலைவி. டாலிகஞ்சில் தன் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர். எனக்குத் தகுதிகாண் காலம் முடியச் சில வாரங்களே இருந்தன. வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டுவிட்டு வந்த வேலை அது. நிரந்தரமாக வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் இருந்தேன்.

பந்தலைக் கட்டச் சொன்ன விழாக் குழுவினர் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏட்டி, பூஜை அண்டால தீந்துட்டுன்னு வந்தா அவங்க மொகம் சுளிப்பாங்க. நம்ம வீட்டுல அரிசி காலியானா அப்படியா சொல்லுதோம்? நெறஞ்சிருக்குன்னுதான சொல்லுவோம். இங்கயும் அதே வழக்கந்தான். அந்த வரியத் தூக்கிரு. அவங்க பாத்துட்டுப் போனதும் நானே திருப்பிப் போட்டுருதேன்."

மாற்ற வேண்டியது வார்த்தையை, வரம்பை அல்ல. அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தூக்கினேன். விழாக் குழுவினர் வந்து பார்த்துப் போனபின், வரியைத் திருப்பிப் போட்டாயிற்றா என்று கேட்டேன். "அதெல்லாம் போட்டாச்சு, நீ அடுத்த வேலையப் பாரு" என்றார்.

அஷ்டமி காலையில் கூட்டம் குவிந்தது. நூற்றெட்டுக் கிண்ணமும் போன பிறகும் அண்டா கொடுத்துக்கொண்டே இருந்தது. கிச்சடி அண்டாவின் அடியைத் தாண்டி, பந்தலின் தரையையும் தாண்டி, ஒரு மஞ்சள் தகடாகக் கீழே இறங்கியது. மேலே பலகையில் 'மீதி: மைனஸ் நாற்பது'. பார்த்தவர்கள் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிச் சிரித்தார்கள். விழாக் குழு கொதித்துப்போனது.

மதியம் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்தது யார் என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார் என்று சத்தியமாக நம்பினேன். அவர் என் பக்கம் திரும்பாமலே என் பெயரைச் சொன்னார். "ஆமி கிச்சு ஜான்தாம் நா" என்றார். தனக்கு ஒன்றுமே தெரியாதாம். அந்த அளவு வங்காள மொழி எனக்குத் தெரிந்திருந்தது. யார் எதை மாற்றினார்கள் என்ற கணினிப் பதிவை மேலாளர் திறந்தார். அதிலும் என் பெயர்தானே இருந்தது.

வேலை போயிற்று. அன்று சாயங்காலம் அக்கா, "சாப்பிட வாட்டி, சோறு ஆறுது" என்று எப்போதும்போலக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இப்போது இதே ஊரில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். என்னிடமும் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். எதையாவது எடுக்கச் சொன்னால், சொன்னது நான்தான் என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களாம், அவருக்காக நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நெடுநேரம் யோசித்து எழுதினேன்: "சொல்றேன்க்கா. அந்த வரிய எடுக்கச் சொன்னது நீங்கதான்னு எங்கிட்ட மட்டும் ஒரு தடவ ஒத்துக்கோங்க. போதும்."

உடனே பதில் வந்தது.

"ஏட்டி, எந்த வரி?"