நேர்ச்சை வேட்டும் ரயில்வே வேலையும்

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம். நாகலாபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் மாதா கோயில் திருவிழா. எழுத்துத் தேர்வையும் நேர்முகத்தையும் தாண்டி, ரயில்வே வேலைக்கு நான் தேர்வாகியிருந்தேன். மறுநாள் மதுரையில் மருத்துவப் பரிசோதனை. அதில் தவறினால் வேலை இல்லை.

எனக்கு வேலை கிடைத்தால் வேட்டு போடுவதாக என் தாய்மாமா நேர்ந்திருந்தார். பணியாணை வந்தபின் செலுத்த வேண்டிய நேர்ச்சை அது. மாமாவுக்கு நடைமுறைகளில் நம்பிக்கை கிடையாது.

"ஏலே மருமவனே, உன் கையாலயே பத்த வை. மாதாவுக்குக் கேக்கணும்லா!"

இரும்புக் குழாயில் கெட்டித்திருந்த மருந்து, நான் விலகுவதற்குள் வெடித்தது. மாதாவுக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் அதன்பின் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. விடிந்தும் காதுக்குள் 'கொய்ங்' என்ற இரைச்சல்.

மதுரையில் மருத்துவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, அறையின் மறுகோடியிலிருந்து எண்களைக் கிசுகிசுத்தார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொன்னவை பெரும்பாலும் என் சொந்த எண்கள். 'தகுதியில்லை' என்று எழுதி அனுப்ப அவருக்கு முழு அதிகாரம் இருந்தது. அவரோ அருகில் வந்து காதில் விளக்கடித்துப் பார்த்தார்.

"சவ்வு நல்லாத்தான் இருக்கு. நேத்து எங்கயாவது பெரிய சத்தத்துக்கிட்ட நின்னீங்களா தம்பி?"

சொன்னேன். சிரித்துவிட்டு விளக்கினார். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறதாம். அதற்குள் நுண்ணிய முடிகள் கொண்ட செல்கள். ஒலிக்கு அந்த முடிகள் அசைய, செல்கள் மூளைக்குச் சேதி அனுப்பும். பெருஞ்சத்தம் அடித்தால் முடிகள் சாய்ந்துவிடும், செல்கள் களைத்துவிடும். ஓய்வு கொடுத்தால் தேறலாம். செல்லே செத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு செல் முளைக்காது.

"போனா போனதுதான், என் தலைமுடி மாதிரி," என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார். "சத்தமில்லாத இடத்துல இருந்துட்டு அடுத்த வாரம் வாங்க. மறுபரிசோதனைக்கு விதியில இடம் இருக்கு."

இதைக் கேட்ட மாமா, வீட்டையே ஊமையாக்கிவிட்டார். சேவல் பக்கத்து வீட்டுக்குப் போனது. உலக்கையை எடுத்த என் அம்மாவிடம் ஓடினார்.

"ஏட்டி, இடிக்காத! பிள்ளைக்குக் காதுக்குள்ள முடி நிமிருது!"

அடுத்த வாரம் அதே அறையில் திரும்பி நின்றேன். கிசுகிசுத்த எண்கள் ஒவ்வொன்றும் கேட்டன. வேலையும் கிடைத்தது.

ஓய்வு பெறும்வரை விதிப் புத்தகத்தோடுதான் வாழ்ந்தேன். ஓர் ஆளை மறுக்கப் பத்து விதிகள் கண்ணில் படும்போதெல்லாம், அவருக்கு ஒரு வார அவகாசம் தரும் விதி எங்கேயாவது இருக்கும் என்று தேடாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.