கால் நனைக்கிற தண்ணீர்

பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. முன்னால் நிற்பவர் திரும்பி முறைக்கும் அளவுக்குச் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருப்பேன். "பாவம் சொல்ல வந்தீங்களா, பஸ் ஏற வந்தீங்களா?" என்று என் மனைவி காதோரம் கேட்பாள். அவளுக்குக் காரணம் தெரியாது. தெரியாதபடி மூன்று வருஷம் பார்த்துக்கொண்டேன்.

நாமக்கல்லில் கோழி மருந்துக் கடை ஒன்றில் எனக்கு வேலை. பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்தை எடுத்துப்போய், தண்ணீர் டேங்கில் கலக்கிவிட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். பண்ணையில் வேலை செய்பவர்கள் என்னை டாக்டர் என்பார்கள். நான் படித்தது விலங்கியல், அதுவும் தட்டுத் தடுமாறி. ஆரம்பத்தில் "நான் டாக்டர் இல்லைங்க" என்று மறுத்துப் பார்த்தேன். போகப் போக அந்த மறுப்பில் வேகம் குறைந்து, கடைசியில் யாராவது டாக்டர் என்று கூப்பிடாவிட்டால் கோபம் வருகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, தவக்காலம். குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முன்பு பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூரிலிருந்து மூன்று சாமியார்கள் வருவதாகப் போன ஞாயிறே கோயிலில் சொல்லியிருந்தார்கள். நான் கடையிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்துத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பாதி அளவுக்கு ஐஸ் போட்டு, வண்டியின் பின்னால் ரப்பர் ட்யூபால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பண்ணைக்கு அரை மணி நேரம்தான். பாதி ஐஸ் தாராளம். போகிற வழியில்தான் கோயில். பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று வண்டியை வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அதில் ஒரு பெரியவர் உள்ளே போனார், போனார், வரவே இல்லை. அந்த வயதில் அவ்வளவு நேரம் சொல்வதற்கு என்ன பாவம் வைத்திருப்பார் என்று நான் எரிச்சலோடு நின்றேன். அந்த எரிச்சலையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன் என்பதுதான் வேடிக்கை. என் முறை வந்து, சொல்லி, மன்னிப்பு வாங்கி, அபராதச் செபத்தையும் முழங்காலில் நின்று முடித்துவிட்டு வெளியே வந்தால், நிழல் நகர்ந்து போய் வண்டி முழு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை. தண்ணீரில் விரலை விட்டேன், குளிக்கிற பதத்தில் இருந்தது.

அது உயிருள்ள மருந்து. சூடு பட்டால் செத்துப்போகும். செத்த மருந்தைக் கொடுத்தால் கோழிக்குக் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. திரும்பிக் கடைக்குப் போய் வேறு குப்பி எடுத்துவந்திருக்க வேண்டும். ஆனால் போன் அடித்தது. பண்ணையிலேயே குடியிருந்து கோழி பார்க்கும் புருஷன் பெண்டாட்டியில் புருஷன்தான் பேசினார். "ஏனுங்க டாக்டரு, எப்பங்க வாரீங்க? நீங்க சொன்னபடி தண்ணி அடைச்சு வெச்சிருக்கறனுங்க. கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு நிக்குதுங்க" என்றார். மருந்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பதற்காக, கோழிகளைச் சில மணி நேரம் தாகத்தில் வைப்பது வழக்கம். இன்னும் ஒரு மணி நேரம் அந்த வெயிலில் தாங்காது. மருந்தைத் தள்ளிப்போட்டால் பண்ணைக்காரர் ஏன் என்று கேட்பார். கோயிலில் நின்றேன் என்று சொல்ல வேண்டும். கடையில் தெரியும்.

போனேன். தண்ணீரிலிருக்கும் குளோரின் மருந்தைக் கெடுக்காமலிருக்கப் பால் பவுடரைக் கரைத்தேன், குப்பிகளை உடைத்துக் கலக்கினேன், நோட்டில் கையெழுத்துப் போட்டேன். கோழிகள் அந்தத் தண்ணீரை என்ன ஆவலோடு குடித்தன! பாவம் கழுவப்பட்டு முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த ஷெட்டில், அந்த மருந்து தடுத்திருக்க வேண்டிய வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. கழுத்தை முறுக்கிக்கொண்டு, பறக்க நினைத்தது மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு, கூண்டு கூண்டாகச் செத்தன. பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தம்பி, அன்னைக்கு ஐஸ் சரியா இருந்துச்சுங்களா?"

"கல்லு மாதிரி இருந்துச்சுங்க" என்றேன். தடுமாறவே இல்லை.

அடுத்து அவர் அந்தப் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். ஷெட் வாசலில் கிருமி மருந்து கலந்த ஊதா நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். யாரானாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளிக் கோழிகளின் நோய் காலோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் கேட்டு முடிக்கும் முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாராம், அங்கே நாட்டுக்கோழிகள் திரிந்தனவாம், திரும்பி வந்த அவசரத்தில் ஒரு நடை கால் நனைக்காமல் உள்ளே போய்விட்டாராம். "நாந்தானுங்க கொன்னுபோட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பண்ணைக்காரர் கண்டபடி பேசி அனுப்பிவிட, அன்று மாலையே சட்டி பானையோடு இருவரும் பண்ணையை விட்டுப் போனார்கள். நான் அங்கேயே நின்று, நோட்டைப் புரட்டுவது போல் நடித்துக்கொண்டிருந்தேன்.

என் சிறுவயது மேட்டூரில் கழிந்தது, அப்பாவுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ். ஞாயிறு பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களை நான் மூச்சு விடாமல் ஒப்பித்து ஒரு மாதா படம் பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் இரண்டாவது மனஸ்தாபம், செய்த பாவத்துக்காக மனம் நொந்து வருந்துவது. அதிலும் இரண்டு வகை. நரகத்துக்கும் தண்டனைக்கும் பயந்து வருகிற வருத்தம் ஒன்று. இவ்வளவு நல்ல கடவுளை நோகடித்துவிட்டோமே என்று அன்பினால் வருகிற வருத்தம் இன்னொன்று. அதற்கு உத்தம மனஸ்தாபம் என்று பெயர். முதலாவது குறைவானதுதான், ஆனாலும் பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்தால் மன்னிப்புக்குப் போதும் என்பது சபையின் போதனை. நான் அந்தப் 'போதும்' என்ற சொல்லில் மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருந்தேன். பிறருக்குச் செய்த கெடுதலைச் சரிசெய்ய மனமில்லாதவன் படுகிற வருத்தம் மனஸ்தாபமே ஆகாது என்றும் அதே வகுப்பில்தான் சொன்னார்கள். அதை ஒப்பித்ததற்கு எனக்குப் படம் கிடைக்கவில்லை, மறந்துபோனேன்.

ஆனால் உடம்பு மறக்கவில்லை. எந்தப் பண்ணை வாசலில் தொட்டியைப் பார்த்தாலும் இரண்டு தரம் காலை நனைப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வண்டிச் சாவியைத் தேடுவேன். ஊர் ஊராகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குரல் தெரிந்த சாமியாரிடம் போகக் கூச்சம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தங்கை வீட்டுக்குப் போகிற சாக்கில் அங்கே ஒரு கோயில், மேட்டூரில் ஒரு கோயில். எல்லா இடத்திலும், கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று அந்தப் பொய்யை நடுவில் செருகி, அவசரமாகத் தாண்டிப் போய்விடுவேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார்கள். படியிறங்கும்போது எனக்குக் கடவுள் மேலேயே கோபம் வரும். இவ்வளவுதானா? என்னை விசாரிக்க ஓர் ஆளைக்கூட அனுப்ப மாட்டாரா?

சேலத்தில் ஓர் இளம் சாமியார் விசாரித்தார். "அந்தப் பொய்யால யாருக்காவது கெடுதல் ஆச்சா?"

"கோழிங்க செத்துப்போச்சுங்க ஃபாதர்."

"மனுஷங்களுக்கு?"

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, அதைக் காரணமாக வைத்துக்கொண்டு, "தெரியலீங்க" என்று எழுந்து, மன்னிப்புக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். நல்ல வெயில். வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகாமல் அந்தத் தெருவையே இரண்டு முறை சுற்றினேன்.

போன மாதம் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு புதுப் பண்ணைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது தடுப்பணைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருவர் எழுந்து ஓடி வந்தார். அந்தப் புருஷன்தான். கையெல்லாம் கரும்புப் பால் பிசுபிசுப்பு. "டாக்டருங்களா! ஆளே எளச்சுப் போயிட்டீங்க. இங்கதானுங்க வெல்லம் காய்ச்சற ஆலைல இருக்கறம். ஊடு பக்கத்துல தான், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அவரோ என் டீக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆலைக் கொட்டகையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. வாசற்படிக்கு முன்னால் ஓர் அலுமினிய அன்னக்கூடை, அதில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர். அவர் பழக்கப்பட்டவர் போல இரண்டு காலையும் அதில் முக்கிவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, "வாங்க டாக்டரு. காலு மட்டும் நனைச்சுட்டு வந்துருங்க சாமி" என்றார்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு கோழி இல்லை, குஞ்சு இல்லை.

"அது அப்படித்தானுங்க" என்று புருஷன் சிரித்தார். "அங்கருந்து வந்ததுலருந்து இப்படித்தான். முட்ட தொடறதில்ல. கொமாரபாளையத்துல இருந்து எங்க அக்கா வந்தாலும் நனைச்சுட்டுத்தான் உள்ள போகோணும். கோயில்ல முடிகூட எறக்கிப் பாத்தாச்சுங்க, மனசு ஆறமாட்டீங்குது."

"வாயில்லாத சீவனுங்க" என்றார் அந்தப் பெண். "தாகத்துல தவிச்சத நெனச்சா இன்னும் சோறு எறங்கறதில்லீங்க. எங்கள அனுப்பிச்சது கூடப் பரவால்லீங்க."

நரகத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அவருக்கு ஒரு பயமும் இல்லை. செத்த உயிர்களுக்காக மட்டும் அழுதுகொண்டிருந்தார். நான் படித்து ஒப்பித்ததை அவர் பட்டுக்கொண்டிருந்தார், அதுவும் என் பாவத்துக்காக.

"உங்க கால்ல ஒண்ணும் வரலீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, கோயில் வரிசை, வெயில், குளிக்கிற பதத்துத் தண்ணீர், கல்லு மாதிரி இருந்ததாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். நடுவில் எதையும் செருகவில்லை.

புருஷன் முகம் மாறியது. அந்தப் பெண் மட்டும், "அப்ப நாங் காலு நனைக்காம போனதுனால இல்லைங்களா?" என்றார். இல்லைங்க என்றேன். "நெசமாவேங்களா?" என்று திரும்பக் கேட்டார். மருந்து உயிரோடு இருந்திருந்தால், யார் காலில் எது வந்திருந்தாலும் கோழிகள் தாங்கியிருக்கும் என்றேன்.

"இதெ எங்ககிட்டச் சொல்லி என்னங்க ஆகுது?" என்றார் புருஷன். இப்போது அவர் குரலில் டாக்டர் இல்லை. "எங்களக் கொலகாரங்களாட்டம் அனுப்புனவருகிட்டச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

நாளைக்கு நேரில் போய்ச் சொல்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த 'நாளைக்கு' எனக்கு நன்றாகப் பழக்கமானது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். இவர்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார்.

"அந்தம்மாகிட்டப் போனக் குடுங்க" என்றார் கடைசியில். பிறகு அந்தப் பெண்ணிடம், "அம்மிணி, தெரியாமப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். என்னிடம், "தம்பி, நீங்க இனி நம்ம பண்ணப் பக்கம் வர வேண்டாமுங்க. கடைலயும் நாஞ் சொல்லிப்போடறேன்" என்று வைத்துவிட்டார். மரியாதை குறையவே இல்லை. பயந்துகொண்டிருந்தது அத்தனையும் ஒரு நிமிஷத்தில் நடந்து முடிந்திருந்தது, எனக்கோ அதில் நிம்மதியும் வரவில்லை.

அந்தப் பெண் குனிந்து அன்னக்கூடையைத் தூக்கினார். மஞ்சள் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைச் சுவரோரம் கவிழ்த்துவைத்தார். வாசற்படிக்கு வந்தார். ஒரு காலைத் தூக்கினார். படிமேல் வைக்கப் போனவர் அப்படியே பின்வாங்கினார். மறுபடியும் தூக்கினார், முடியவில்லை. உள்ளங்கால் ஈரமில்லாமல் தன் வீட்டுக்குள் போக அவருக்குத் தெரியவில்லை. "வா புள்ள, அதான் சொல்லிட்டாருல்ல" என்று புருஷன் உள்ளிருந்து கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு வலித்தது. என் வேலையை நினைத்து அல்ல, என் ஆத்துமத்தை நினைத்தும் அல்ல. மனஸ்தாப மந்திரத்தின் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

அவர் குழாயடிக்குப் போய் அன்னக்கூடையை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு பிடி உப்பைப் போட்டுக் கையாலேயே கலக்கினார். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு, "இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டுங்க டாக்டரு. நாளைக்கு எடுத்துப்போடறேன்" என்றார்.

"நான் டாக்டர் இல்லைங்க" என்றேன். அவர் கால்களைத் தண்ணீரில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.